ஆம்ப்ளிஃபயர் வாங்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பாவுக்கு வீணைக் கச்சேரி என்றால் உயிர். அவருடைய அறை 12க்கு 10 அடி. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் தரும் சத்தம், 86 டெசிபல். சென்னை ரிச்சி தெருவில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் பார்த்தேன். ஒன்று 40 வாட்ஸ், சாதாரணக் கறுப்புப் பெட்டி. இன்னொன்று 80 வாட்ஸ்: கனமான அலுமினிய முகப்பு, நீல வெளிச்சத்தில் ஆடும் முள், விலை இரண்டரை மடங்கு. வாட்ஸ் இரட்டிப்பானாலும் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது சின்ன வித்தியாசம்தான் என்று தெரியும். ஆனாலும் அந்த 80 வாட்ஸில்தான் ஒலி தெளிவாக இருந்ததுபோல் தோன்றியது. அப்புறம்தான் கவனித்தேன், அதைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருந்தார்கள். சத்தம் கூடினாலே நன்றாகக் கேட்பதுபோல் இருக்குமே.

ஸ்பீக்கருக்குப் போகும் வோல்டேஜை மல்டிமீட்டரால் அளந்து, இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வீணையின் கமகத்தில் வித்தியாசம் தெரிந்ததா? கறுப்புப் பெட்டியை வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடலாமா?