யாழ் கோட்டை ஏன் ஐந்து மூலை? மகளின் கேள்வி

பரந்தன் அம்மா:
போன ஞாயிறு பிள்ளைகளோடு யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போயிருந்தோம். ஆறாம் ஆண்டு படிக்கும் மகள் மதில்மேல் நின்று, "பூநகரிக் கோட்டை சதுரம்தானே, இது மட்டும் ஏன் ஐந்து மூலை?" என்று கேட்டாள். கல்லுக்குள் சிப்பி இருப்பதையும் தொட்டுக் காட்டினாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கிளிநொச்சி வாசகர்:
போர்த்துக்கேயர் கட்டியதும் நாற்கோணம்தான் அக்கா. ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு 1658 ஜூனில் பிடித்தார்கள். பிறகுதான் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள்.

பூநகரி மேசன்:
தங்கச்சி, முப்பது வருடம் மேசன் வேலை செய்தவன் நான். மகள் கேட்டது நல்ல கேள்வி.

பீரங்கி வந்த பிறகு, சுவர் உயரமாக இருந்தால் மட்டும் போதாது. சுவரின் அடியில் எதிரி ஒண்டி நிற்க இடமே இருக்கக்கூடாது. அதற்குத்தான் மூலையில் அம்புமுனைபோல வெளியே நீட்டிய கொத்தளம். ஒன்றில் நிற்பவன் பக்கத்துச் சுவரின் அடி முழுவதையும் பார்த்துச் சுடலாம். சதுரத்தில் இந்த முனை ஒடுங்கிப் போகும். ஐங்கோணத்தில் மூலை அகலம், பீரங்கி நிறுத்த இடமும் தாராளம்.

பூநகரிக் கோட்டை சின்னது, ஒரு பக்கம் ஏறக்குறைய 30 மீற்றர்தான். அங்கே எதிரெதிர் மூலை இரண்டில் மட்டும் கொத்தளம். ஒரு மூலையிலிருந்து இரண்டு சுவரைப் பார்க்கலாம், அப்போ இரண்டு மூலைக்கு நாலு சுவரும் அடங்கிவிட்டது. கணக்கைப் பாருங்கோ!

சிப்பி தெரிந்த கல் முருகைக்கல். கடல் தந்த கல். வெட்டுவது சுகம். அதையே சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. கல்லும் சாந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இத்தனை காலம் நிற்கின்றன. நான் இளவயதில் ஒரு பழைய வீட்டு முருகைக்கல் சுவருக்குச் சீமெந்து பூசினேன். இரண்டு மாரிக்குள் பொருக்குப் பொருக்காகக் கழன்று, உள்ளே இருந்த கல்லும் மாவாக உதிர்ந்தது. சுவருக்குள் இருந்த ஈரமும் உப்பும் வெளியே வர வழியில்லாமல் போய்விட்டது. அந்த வீட்டுக்காரருக்கு நானே திரும்பச் சுண்ணாம்பில் கட்டிக் கொடுத்தேன். கோட்டைச் சுவரில் எங்காவது சீமெந்துப் பூச்சைக் கண்டால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறும்.

கிளிநொச்சி வாசகர்:
அண்ணை சொன்னதோடு ஒன்று. யாழ் கோட்டையின் வெளிச்சுற்று அரண் 1792இல்தான் முடிந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்தபோது ஒல்லாந்தர் சண்டையில்லாமலே கொடுத்துவிட்டார்கள். அந்தச் சுவர்கள் பெரிய அடி வாங்கியது 1990 முற்றுகையில். உள்ளே இருந்த 1706ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தேவாலயமும் போரில் அழிந்தது. எங்கள் வீட்டில் அம்மம்மா அந்தத் தேவாலயத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

பரந்தன் அம்மா:
நன்றி அண்ணை. மகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கொப்பியில் சதுரம் கீறி, இரண்டு மூலையிலிருந்து கோடு இழுத்துப் பார்த்தாள். "சரிதான் அம்மா, நாலும் தெரியுது" என்கிறாள். இப்போது பூநகரிக்குப் போகவேண்டுமாம்.

பூநகரி மேசன்:
வெயில் ஏற முன்னம் கூட்டி வாங்கோ. கொப்பியையும் கொண்டு வரச் சொல்லுங்கோ. நான் வாசலில் நிற்பேன்.