கைபேசி எச்சரிக்கைச் சோதனை: பயந்துபோன அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

செல்லூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். 2023 அக்டோபரில், பேரிடர் நேரத்தில் மக்களை எச்சரிக்கும் ஏற்பாட்டுக்காக அரசு நடத்திய கைபேசி எச்சரிக்கைச் சோதனையன்று என் அம்மா வீட்டில் தனியாக இருந்தார். சத்தமே வராதபடி வைத்திருந்த கைபேசி திடீரென்று அலறி அதிர்ந்ததும், அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு, கைபேசியைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியிருக்கிறார். சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம் என்று திரையில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் கண்ணாடியைத் தேடியெடுத்துப் படிக்கும் நிலையில் அவர் இல்லை. அன்று முதல் இரவில் கைபேசியை அணைத்தே வைக்கிறார். "நம்ம நம்பர் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த எச்சரிக்கை வசதியை நிறுத்திவிடலாமா?

அலைவரிசை:
ஐயா, யாருடைய எண்ணும் இதற்குத் தேவையில்லை. இதன் பெயர் செல் பிராட்காஸ்ட். வானொலி நிலையம்போல, ஒரு பகுதியின் டவர்கள் செய்தியைப் பொதுவாக ஒலிபரப்புகின்றன. அவற்றின் எல்லைக்குள் இயங்கும் கைபேசிகள் அதைப் பெற்றுக்கொள்கின்றன. எஸ்.எம்.எஸ். ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே போக வேண்டும் என்பதால் நெரிசலில் தாமதமாகலாம். இதில் அந்தச் சிக்கல் இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்து இதைச் சோதித்தன. உறங்குபவரையும் எழுப்ப வேண்டும் என்பதால்தான், ஒலியைக் குறைத்து வைத்தாலும் அது அலறுகிறது. பல கைபேசிகளில் சோதனைச் செய்திக்கெனத் தனி அமைப்பு உண்டு. வேண்டுமானால் அதை மட்டும் அணையுங்கள்.

கொடிக்கால்:
தயவுசெய்து முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். நான் சோழவந்தான் பக்கம் வெற்றிலை விவசாயம் செய்கிறேன். வைகை அணையின் மொத்த உயரமான 71 அடியில், நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் தேனி முதல் ராமநாதபுரம் வரையிலான ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கு விடப்படுகின்றன. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊருக்குள் சொல்லிப் போவார்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் குனிந்து வேலை செய்பவன் காதில் அது விழாது. ஒருமுறை ஆற்றோரம் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த என் தம்பியை அழைத்துவர ஓர் ஆளை ஓடவிட வேண்டியிருந்தது. அவன் சட்டைப்பையில் கைபேசி இருந்தது. அது இப்படி ஒருமுறை அலறியிருந்தால் போதும்.

தமிழாசிரியை:
இருவர் சொல்வதையும் ஏற்கிறேன். ஆனாலும் அம்மா பயந்ததில் தவறில்லை. செய்தித்தாள் படித்தவர்கள் முன்பே தெரிந்துகொண்டார்கள். பயந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் படிக்காதவர்கள். ரேஷன் கடையிலும் கோயில் மைக்கிலும் முதல்நாளே, அந்த ஒலியையும் போட்டுக் காட்டிச் சொல்லியிருந்தால், எங்கள் தெருவில் பாதிப் பேர் பதறி வாசலுக்கு ஓடி வந்திருக்க மாட்டார்கள். எச்சரிக்கையைத் தமிழில் உரக்கப் படித்துச் சொல்லவும் வேண்டும்.

செல்லூர்வாசி:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அம்மாவிடம் வானொலி உதாரணத்தையே சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்போ ஆத்துல தண்ணி வந்தாலும் இப்படித்தான் கத்துமா?" என்றார். அதற்காகத்தான் ஏற்பாடு செய்கிறார்கள் என்றேன். கைபேசியை அணைக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். கண்ணாடியையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.