புதுப்பிப்பு: தக்காளியில் வெள்ளை ஈ, ஐந்து வாரம் கழித்து

தக்காளிச் செடியைத் தொட்டாலே வெள்ளை ஈக்கள் புகைபோலப் பறக்கின்றன, மருந்தடித்தும் குறையவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது நன்றாகவே குறைந்துவிட்டது.

தவறு என்னுடையதுதான். இலையின் மேல்பக்கம் மட்டும் தெளித்துக்கொண்டிருந்தேன். முட்டையும் குஞ்சும் இருப்பது அடிப்பக்கத்தில். குஞ்சுகள் செதில்போல ஒட்டிக்கொண்டு அசையாமல் சாறு உறிஞ்சும், சட்டென்று கண்ணில் படாது. அப்புறம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை நேரத்தில் இலையைத் திருப்பித் திருப்பி அடித்தேன். வாரம் ஒருமுறை, விடாமல். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக மூன்று வாரம் போதும் என்பதால் ஒரே தெளிப்பில் எதுவும் முடியாது.

மஞ்சள் ஒட்டும் அட்டைகளைச் செடியின் உச்சி உயரத்தில் கட்டினேன். ஈ இருக்கிறதா, கூடுகிறதா என்று பார்க்கத்தான் அவை உதவுகின்றன. அவற்றை மட்டும் நம்பினால் போதாது.

மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, இலை மேல்நோக்கிச் சுருண்டு குட்டையாகிப்போன ஏழு செடிகளைப் பிடுங்கியதுதான். அது இந்த ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ், அதற்கு மருந்து கிடையாது. விட்டுவைத்தால் மற்ற செடிகளுக்கும் போகும். தயவுசெய்து தயங்காதீர்கள்.

அடுத்த நாற்றை முதல் நாளிலிருந்தே நெருக்கமான வலைக்குள்தான் வளர்க்கப் போகிறேன்.