புதுப்பிப்பு: நூலக இன்ஸ்டாகிராம் என்னாச்சுன்னா

போன மாசம் இங்க புலம்பியிருந்தேன்ல, வருஷக்கணக்கா புக் அடுக்கிட்டிருந்த என் தலைல நூலகத்தோட இன்ஸ்டாகிராமைக் கட்டிட்டாங்க, என்ன பண்றதுன்னு. இப்ப கொஞ்சம் தேறிட்டேன்.

முதல் போஸ்ட் சொதப்பல்தான். 2015ல சிங்கப்பூரோட 50 வருஷத்துக்காக நம்ம ஊர் தமிழ் எழுத்தாளர்களோட புத்தகங்களை மின்னாக்கம் பண்ணி தேசிய நூலகத்துல வச்சாங்கல்ல, அந்த லிங்க்கை கேப்ஷன்லயே போட்டுட்டு பெருமையா உக்காந்திருந்தேன், மறுநாளே ஒரு ஆன்ட்டி கவுன்டருக்கு வந்து போனை நீட்டி "ஏம்மா, அமுக்கி அமுக்கிப் பாக்குறேன், தொறக்கவே மாட்டேங்குது"ங்குறாங்க. கேப்ஷன்ல போட்டா வெறும் எழுத்தாதான் நிக்குமாம், பயோலயோ ஸ்டோரி ஸ்டிக்கர்லயோதான் போடணுமாம். (போன மாசமே இங்க பதில்ல நீங்க சொல்லியிருந்தீங்க, நான்தான் ஒழுங்கா படிக்கல லா.)

அடுத்து ஃபான்ட். போஸ்டர்ல 'தொகுப்பு'ன்னு அடிச்சா கொம்பும் காலும் 'த'வோட சேராம தள்ளிப் போய் விழுது, 'த' அனாதையா நிக்குது. யூனிகோட் ஃபான்ட்டுக்கு மாத்தினதும் சரியாயிடுச்சு.

ஹேஷ்டேக் தமிழ்லயே போடுறேன், அழகா வேலை செய்யுது. போன மாசம் இங்க என்னை ரீல்ஸ்ல ஆடச் சொன்ன தம்பிக்கு மட்டும் ஒண்ணு, அது நடக்காதுப்பா. வேணும்னா புக் ட்ராலி தள்ளுறதை எடுத்துப் போடுறேன்.