ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் கரையில் கடல் பச்சையாக மாறுவது எதனால்?

வேதாளைவாசி:
வணக்கம். 2019 செப்டம்பரில் எங்கள் கடல் பச்சைச் சாயம் கரைத்தது போல மாறி, செத்த மீன்கள் கரையொதுங்கியதை மறக்க முடியவில்லை. வலையை இழுத்தபோது கண்ணியெல்லாம் கொழகொழவென்று பச்சைப் படலம். சாய ஆலை ஏதுமில்லாத எங்கள் கரையில் இது எப்படி வந்தது?

பாம்பன் ஆசிரியர்:
அது சாயமன்று, நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிரி அளவுக்கு மீறிப் பெருகியதால் வந்த நிறம். அது திரளாக மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து, அம்மோனியா கூடி, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. இயற்கையாகவும் நேரும் நிகழ்வுதான் என்றாலும், வீட்டுக் கழிவுநீரும் வயல்களின் உரம் கலந்த வடிநீரும் கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் இத்தகைய பெருக்கத்துக்குத் தீனியாகின்றன. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா அருகிலிருப்பதால் எனக்குக் கவலை அதிகம். நீர் கலங்கி வெயில் எட்டாவிட்டால் கடற்புல்லும் பவளமும் நலியும்.

தொண்டி மீனவர் மகன்:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு இறால் பண்ணைகளையும் சேர்க்க வேண்டும். எங்கள் ஊருக்கருகே ஒரு பண்ணை, அறுவடை முடிந்த இரவில் கருஞ்சேற்று நீரை அப்படியே ஓடையில் திறந்துவிட்டது. விடிந்து பார்த்தபோது நண்டுகள் கரையேறிக் கிடந்தன. பெரிய பண்ணைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளம் கட்டாயம். சிறு பண்ணைகள் பல ஒரே ஓடையில் கலந்தால் பாதிப்பு குறைவா என்ன?

வேதாளைவாசி:
நன்றி. அடுத்த முறை நிறம் மாறினால் என்ன செய்யலாம்?

பாம்பன் ஆசிரியர்:
நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, காற்றுக்குமிழி இல்லாமல் புட்டியில் கடல்நீரை நிரப்பி, வெயில் படாமல் பனிக்கட்டியில் வைத்து, அன்றே மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி மையத்தில் சேர்த்துவிடுங்கள்.