உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு இனி இன்சூரன்ஸ் எடுத்துப் பலன் உண்டா?

மிளகு வீட்டு அம்மா (மேடவாக்கம்):
வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு லேப்ரடார் நாய் இருக்கிறாள், மூன்று வயது, பெயர் மிளகு. போன மாதம் சோற்றுத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்துவிட்டாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிப் போயிருந்தது. பிளட் டெஸ்டில் பிளேட்லெட் 40,000தான். எர்லிக்கியா, அதாவது உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். தினமும் கிளினிக்கில் ட்ரிப்ஸ், கூடவே டாக்ஸிசைக்ளின் மாத்திரை. இப்போது நன்றாகத் தேறிவிட்டாள், சோபாவையும் கடிக்கிறாள்.

பில் 20,000 ரூபாயைத் தாண்டியது. எப்படியோ சமாளித்துவிட்டோம். ஆனால் ராத்திரி 11 மணிக்கு டாக்டர் "ஒரு ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டபோது, நான் நாயைப் பார்க்கவில்லை, போனில் பேங்க் பேலன்ஸைப் பார்த்தேன். அது இன்னும் உறுத்துகிறது. அதனால் பெட் இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டுக்காரரோ "அந்த ப்ரீமியத்தை ஆர்.டி.யில் போடு, நாய்க்கெல்லாம் யார் கிளெய்ம் தருவான்" என்கிறார். ஏற்கெனவே வந்த நோய்க்கு இனி கவர் கிடைக்குமா? எடுத்தவர்கள் சொல்லுங்களேன்.

பாலிசி பழனி:
அக்கா, ஜெனரல் இன்சூரன்ஸ் பக்கம் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. மிளகுக்கு மறுபடி எர்லிக்கியா வந்தால், அது பழையது திரும்பியதா, புது உண்ணி கடித்ததா என்று வாதம் வரும். சொல்லாமல் மறைத்து எடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கிளெய்மின்போது கிளினிக் ரெக்கார்டைக் கேட்பார்கள், அதில் எல்லாம் இருக்கும். அப்புறம் வெயிட்டிங் பீரியட். பாலிசி தொடங்கி முதல் சில வாரங்களுக்குள் நோய் வந்தால் கவர் இருக்காது. விபத்துக்கு விதி பெரும்பாலும் வேறு.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நம் ஊர் பாலிசிகளில் ஆபரேஷனும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும்தான் பெரும்பாலும் அடிப்படை கவர். ஓ.பி. செலவு, நாய் தொலைந்து போவது, நாய் யாரையாவது கடித்து நஷ்டஈடு கொடுக்க வேண்டி வருவது இதெல்லாம் பல இடங்களில் தனி ஆட்-ஆன், அதாவது கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் கவர். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். காலையில் போய் ட்ரிப்ஸ் போட்டுக்கொண்டு மாலையில் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். இங்கே நாயை ராத்திரி தங்க வைக்கிற கிளினிக்கே குறைவு. அடிப்படை கவர் மட்டும் வைத்திருந்தால் அந்த மொத்த பில்லும் "அட்மிஷன் இல்லை, இது ஓ.பி." என்று திரும்பி வர வாய்ப்புண்டு. ஆகவே ஓ.பி. ஆட்-ஆன் உண்டா, அதற்கு வருட வரம்பு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

வேப்பேரி வாசி:
வெட்னரி இறுதியாண்டு மாணவன். மிளகுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் எனக்கு உண்ணியைவிட அதுதான் கவலை. ஹீட் (பெண் நாய் இணைசேரத் தயாராகும் காலம்) முடிந்து சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதுண்டு, பயோமெட்ரா என்போம். திடீரென்று பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து போகும், சில நாய்களுக்குச் சீழ் வெளியே வரும், சிலதுக்கு வராது. வெளியே வராததுதான் ரொம்ப ஆபத்து. பெரும்பாலும் அவசர ஆபரேஷன்தான் வழி, அதுவும் நாள் கடத்தக் கூடாது. நீங்கள் சொன்ன அந்த 11 மணி கேள்வி இப்படிப்பட்ட நேரத்தில்தான் நிஜமாகவே கழுத்தைப் பிடிக்கும்.

முன்கூட்டியே நாமாகச் செய்துகொள்ளும் கருத்தடைக்கு இன்சூரன்ஸ் பொதுவாகத் தராது. தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மாத்திரை எதற்குமே பெரும்பாலும் தராது. அதை உங்கள் ஆர்.டி.யில் இருந்து செய்யுங்கள். பயோமெட்ரா ஆபரேஷனுக்குக் கவர் உண்டா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செலவுதான் பிரச்சினை என்றால் வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை மறக்க வேண்டாம். 1903இல் தொடங்கிய கல்லூரி. தனியாரை ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு, என்ன, காத்திருக்க வேண்டும்.

குரோய்டன் குமரன்:
இங்கே லண்டனில் கிளினிக்கில் கால் வைத்ததுமே "இன்ஷூர்டா?" என்றுதான் கேட்பார்கள். ஆம் என்றால் டாக்டர் அதற்குத் தகுந்தபடி தைரியமாக டெஸ்ட் எழுதுவார், நாமும் தைரியமாகத் தலையாட்டுவோம். நிம்மதி உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனால் வருடா வருடம் ப்ரீமியம் ஏறும், நாய்க்கு வயதானால் பில்லில் ஒரு பங்கை நம்மையே கட்டச் சொல்வார்கள். இங்கே லைஃப்டைம் பாலிசி என்று ஒரு வகை இருக்கிறது. சர்க்கரை, தோல் அலர்ஜி மாதிரி நீளும் நோய்க்கு, நாம் விடாமல் புதுப்பித்தால், ஒவ்வொரு வருடமும் வரம்பு புதிதாகத் தொடங்கும். விலை குறைந்த பாலிசிகளில் ஒரு நோய்க்கு 12 மாதம் மட்டும் தந்துவிட்டு அப்புறம் கையை விரித்துவிடுவார்கள். இந்தியாவில் எடுக்கும்போதும் "அடுத்த வருடம் புதுப்பித்தால் இந்த வருட நோய் பழைய நோயாகிவிடுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

தாம்பரம் டாமி:
எங்கள் கிளெய்ம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டது. கம்பெனி பெயர் வேண்டாம். பாலிசியில் ஒட்டியிருந்த போட்டோ குட்டியாக இருந்தபோது எடுத்தது, "இது அதே நாய் என்று எப்படித் தெரியும்?" என்றார்கள். நாயை அடையாளம் காணத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் நம்பரும் பாலிசியில் ஏறவில்லை. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டு, தடுப்பூசி அட்டையையும் டாக்டர் கடிதத்தையும் இணைத்த பிறகு பாதிப் பணம் வந்தது. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

இன்னொன்று, மருந்துக் கடையில் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் பில் செல்லாது. ப்ரிஸ்க்ரிப்ஷனில் டாக்டரின் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண், சீல், நாயின் பெயர், வயது எல்லாம் இருக்கட்டும். பல இடங்களில் நாம் முதலில் கட்டிவிட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். ராத்திரி 11 மணிக்குக் கையில் காசோ கார்டோ இருந்தே ஆக வேண்டும்.

மிளகு வீட்டு அம்மா:
எல்லோருக்கும் நன்றி. கருத்தடை இன்னும் செய்யவில்லை, ரத்த அளவு சரியானதும் தேதி வாங்கப் போகிறேன். வீட்டுக்காரரிடம் பேசியதில் இரண்டும் வேண்டும் என்று ஆகிவிட்டது. உண்ணி மாத்திரை, ஊசி, கருத்தடை, பிறகு முதலில் கட்ட வேண்டிய காசு எல்லாம் ஆர்.டி.யில் இருந்து. விபத்து, ஆபரேஷன் மாதிரி பெரிய அடிக்கு மட்டும் பாலிசி. ஓ.பி. ஆட்-ஆனுக்கு ஒரு கம்பெனியிடம் விலை கேட்டேன். வரம்பைப் பார்த்தால் எங்கள் போன மாத பில்லில் பாதிகூட வராது, அதனால் அது வேண்டாம். எர்லிக்கியாவை விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன், இனி அது கவரில் வருமா வராதா என்று மெயிலில் பதில் கேட்டிருக்கிறேன். மிளகுக்குச் சிப் இருக்கிறது, ஆனால் அந்த அட்டையைக் காணோம். நம்பரை எப்படிக் கண்டுபிடிப்பது?

வேப்பேரி வாசி:
எந்தக் கிளினிக்கில் ஸ்கேனர் இருந்தாலும் போதும். தோள்பட்டைகளுக்கு நடுவே ஓட்டினால் 15 இலக்க நம்பர் வரும். சில சமயம் சிப் தோள் பக்கம் நகர்ந்திருக்கும், அங்கேயும் ஓட்டச் சொல்லுங்கள். திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பாலிசி கையில் வந்ததும் இலக்கம் இலக்கமாக ஒத்துப் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் அன்றைக்கே மெயில் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.