பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையை நம்பி முதலீட்டு முடிவு எடுக்கலாமா?

கேள்வி: கோவை முதலீட்டாளர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு பங்கை வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை முழுமையாகப் படிப்பது என் வழக்கம். முன்பு இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, தணிக்கையாளர் அறிக்கை ஆகியவற்றோடு வாசிப்பு முடிந்துவிடும். இப்போது அதே ஆண்டறிக்கையில் ‘வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை’, அதாவது பி.ஆர்.எஸ்.ஆர்., நிதிநிலைக் கணக்குகளுக்கு இணையான நீளத்தில் வருகிறது. அதில் தண்ணீர், மின்சாரம், கழிவு, பணியிட விபத்துகள், பெண் ஊழியர்களின் ஊதியப் பங்கு என அட்டவணை மேல் அட்டவணையாக இருக்கின்றன.

அண்மையில் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் அறிக்கையைப் படித்தபோது, அதன் கார்பன் உமிழ்வின் ‘செறிவு’ முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருப்பதாகப் பெருமையுடன் எழுதியிருந்தார்கள். அடுத்த வரியிலேயே மொத்த உமிழ்வு கூடியிருந்தது. அதே நிறுவனத்துக்கு ஒரு மதிப்பீட்டு நிறுவனம் உயர்ந்த இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) மதிப்பெண்ணும் மற்றொன்று நடுத்தர மதிப்பெண்ணும் வழங்கியிருக்கின்றன. இவற்றில் எதை நம்புவது? பழைய சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பக்கங்களில் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த படங்களைப் போட்டார்களே, அதிலிருந்து இது உண்மையிலேயே மாறுபட்டதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: தணிக்கைத் துறையிலிருந்து ஒருவர்

நல்ல கேள்வி. கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். சி.எஸ்.ஆர். என்பது 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்ற கடமை. அது ஈட்டிய இலாபத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்பதைப் பற்றியது. பி.ஆர்.எஸ்.ஆர். அந்த இலாபம் எப்படி ஈட்டப்பட்டது என்பதைக் கேட்கிறது. எத்தனை கிலோலிட்டர் தண்ணீர் எடுத்தீர்கள், எந்த அளவுக்குச் சுத்திகரித்து எங்கே விட்டீர்கள், எத்தனை தொழிலாளர்கள் வேலையில் காயப்பட்டார்கள் என்பவை அதன் கேள்விகள். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் இந்தப் பக்கங்களை விளம்பரமாக எண்ணிப் புரட்டிவிடுகிறார்கள்.

இந்த நிலைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2011இல் மத்திய அரசு தன்னார்வ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2012இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்கள் வணிகப் பொறுப்பு அறிக்கை அளிக்க வேண்டும் என்றது. பின்னர் அது 500 ஆகவும் 1000 ஆகவும் விரிந்தது. அந்தப் பழைய படிவத்தில் ‘உங்களிடம் கொள்கை உள்ளதா? ஆம் அல்லது இல்லை’ என்ற வகைக் கேள்விகளே மிகுதி. எல்லோரும் ‘ஆம்’ என்று எழுதினார்கள். முதலீட்டாளருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 2021 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டு, 2022-23 நிதியாண்டிலிருந்து முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயமான பி.ஆர்.எஸ்.ஆர். எண்களைக் கேட்டது. 2023 ஜூலையில் வந்த ‘பி.ஆர்.எஸ்.ஆர். கோர்’ அந்த எண்களில் ஒன்பது தலைப்புகளைச் சார்ந்தவற்றை மட்டும் பிரித்து, அவற்றுக்கு வெளியார் சரிபார்ப்பு வேண்டும் என்றது. முதல் ஆண்டில் 150 நிறுவனங்களில் தொடங்கி, 2026-27இல் 1000 நிறுவனங்களை எட்டுவதாக அட்டவணை வகுக்கப்பட்டது. 2025 மார்ச்சில் செபி சற்றுத் தளர்ந்து, தணிக்கை முறையிலான ‘உறுதியளிப்பு’ என்பதற்குப் பதிலாக ‘மதிப்பீடு’ என்ற கடுமை குறைந்த மாற்று வழியையும் அனுமதித்தது. இது எனக்கு உவப்பான மாற்றம் அல்ல. ஆகவே அறிக்கையின் இறுதியில் இணைக்கப்பட்டிருக்கும் சான்று எந்த வகையைச் சேர்ந்தது, எந்தெந்த எண்களுக்கு மட்டும் அது பொருந்தும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சான்று இல்லாத எண்ணைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்துப் பணம் போடமாட்டேன்.

இனி, செறிவு. உமிழ்வுச் செறிவு என்பது பெரும்பாலும் ஒரு ரூபாய் விற்பனைக்கு இவ்வளவு உமிழ்வு என்ற கணக்கு. எஃகு விலையோ சிமென்ட் விலையோ ஏறினால் விற்பனைத் தொகை உயரும். ஆலையில் ஒரு கிலோ நிலக்கரிகூட மிச்சப்படாமலே செறிவு குறைந்துவிடும். அதனால்தான் உற்பத்தியான பொருளின் அளவுக்கு, ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட செறிவையும் படிவம் கேட்கிறது. தாங்கள் பார்க்க வேண்டியது அந்த வரிசை. இன்னொரு நுட்பமும் உண்டு. விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் வரும் உமிழ்வை, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இவ்வளவு உமிழ்வு என்று மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் காரணியைக் கொண்டு கணக்கிடுவதே பொதுவான நடைமுறை. அந்தக் காரணி மாறினால், நிறுவனம் எதையும் செய்யாமலே அதன் எண்ணும் மாறும். உமிழ்வு குறைந்திருந்தால், கூடவே மின் பயன்பாடு குறைந்ததா, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பங்கு கூடியதா என்று ஆற்றல் அட்டவணையில் சரிபாருங்கள். அங்கே ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்தப் பெருமைக்கு அடிப்படை இல்லை.

மதிப்பெண்கள் முரண்படுவது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஆறு பன்னாட்டு மதிப்பீட்டு நிறுவனங்களின் மதிப்பெண்களை ஒப்பிட்ட எம்.ஐ.டி. ஆய்வில், அவற்றுக்கிடையிலான ஒட்டுறவுக் கெழு (1 என்றால் முழு ஒற்றுமை) சராசரியாக 0.54 மட்டுமே. கடன் தர மதிப்பீடுகளில் இப்படி நடப்பதில்லை. எதை அளக்கிறோம் என்பதிலும் எப்படி அளக்கிறோம் என்பதிலும் அவர்களுக்குள் உடன்பாடு இல்லை. செபி 2023இல் இந்த மதிப்பீட்டு நிறுவனங்களையும் தன் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்து, சரிபார்க்கப்பட்ட தரவுகளை மட்டும் அடிப்படையாகக் கொண்ட ‘கோர் இ.எஸ்.ஜி. மதிப்பீடு’ ஒன்றையும் அவர்கள் அளிக்க வேண்டும் என்றது. மதிப்பெண்ணே வேண்டும் என்றால் அதைப் பாருங்கள்.

பதில் 2: தூத்துக்குடி வாசகர்

மேலுள்ள நண்பர் எண்களைப் பற்றி எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அறிக்கை என்பது நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்வது என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு வெளியே இருந்த வழிமுறைகள்தான் இந்தத் துறையை வளர்த்தன.

1989 மார்ச்சில் அலாஸ்கா கடற்கரையில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டிய பின், முதலீட்டாளர்களும் சூழலியல் அமைப்புகளும் சேர்ந்து செரீஸ் என்ற கூட்டமைப்பாக இயங்கி நிறுவனங்களிடம் கேள்வி கேட்டார்கள். அந்தக் கூட்டமைப்பிலிருந்துதான் 1997இல் நிலைத்தன்மை அறிக்கைகளுக்கு நெறி வகுக்கும் ஜி.ஆர்.ஐ. அமைப்பு பிறந்தது, 2000இல் அதன் முதல் வழிகாட்டு நெறிகள் வந்தன. இன்று உலகெங்கும் நிறுவனங்கள் எழுதும் நிலைத்தன்மை அறிக்கைகளின் வேர் அங்கே இருக்கிறது. அதாவது, இது நிறுவனங்கள் தாமாக முன்வந்து தந்த கொடை அன்று. பாதிக்கப்பட்டவர்களும் பங்குதாரர்களும் கேட்டு வாங்கியது.

எங்கள் ஊர் சார்ந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007 நவம்பரில், லண்டனில் பட்டியலிடப்பட்டிருந்த வேதாந்தா ரிசோர்சஸ் நிறுவனத்தைத் தன் முதலீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த நிதியின் அறநெறிக் குழு அளித்த பரிந்துரையில் ஒடிசாவின் லாஞ்சிகர், சத்தீஸ்கரின் கோர்பா, நம் மேட்டூர் ஆகிய ஊர்களில் இருந்த அக்குழுமத்தின் ஆலைகளோடு தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையும் ஆராயப்பட்டிருந்தது. பங்குச் சந்தையில் இ.எஸ்.ஜி. என்ற சொல் பரவலாகாத அந்தக் காலத்தில், தொலைவிலுள்ள ஒரு முதலீட்டாளர் எங்கள் ஊரில் நடப்பதைத் தன் இடர்க் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதன் பின் பத்தரை ஆண்டுகள் கழித்து, 2018 மே மாதத்தில், அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அந்த மாதமே ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மூடலை எதிர்த்த நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. சூழலுக்கு நிறுவனம் இழைக்கும் தீங்கு ஒரு பக்கம், சூழலால் நிறுவனத்தின் நிதிக்கு வரும் இடர் மறுபக்கம் என்று பிரித்துப் பேசுகிறார்கள். 2023 ஜூனில் வெளியான, நிலைத்தன்மை அறிக்கைக்கான பன்னாட்டுத் தரநிலைகளான ஐ.எஃப்.ஆர்.எஸ். எஸ்1, எஸ்2 ஆகியவை இரண்டாவதை மையமாகக் கொண்டவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இரண்டையும் கேட்கிறது. தூத்துக்குடியில் முதலாவது மெல்ல மெல்ல இரண்டாவதாக மாறியதைப் பார்த்தவன் என்ற முறையில், ஐரோப்பியர்களின் பார்வையே முதலீட்டாளருக்கும் பாதுகாப்பானது என்று உறுதியாக நினைக்கிறேன்.

மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோக்ஸ்வேகன் சான்று. 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு அதை வாகனத் துறையின் முன்னணி நிறுவனமாக அறிவித்தது. அதே மாதத்தில் டீசல் புகைச் சோதனை மோசடி அம்பலமானது. அடுத்த மாதம் அந்தக் குறியீட்டிலிருந்து நிறுவனம் நீக்கப்பட்டது. எனவே கோவை நண்பர், தாங்கள் அறிக்கையைப் படித்த பின், அந்த ஆலை இருக்கும் ஊரின் செய்திகளையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆணைகளையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் வழக்குகளையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பதில் 3: திருப்பூர் பின்னலாடைத் தொழில்

பெரிய நிறுவனங்கள் எழுதும் அறிக்கைகளுக்குத் தரவு தருபவர்கள் எங்களைப் போன்ற சிறிய தொழில்கூடங்கள் என்பதால், எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ஒரு எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள். நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டது ஊரறிந்த செய்தி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், விதிகளை நிறைவேற்றாத சாயப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. அதன் பிறகு இங்கே கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறையே நிலைபெற்றது. சாயத் தண்ணீரை ஆர்.ஓ. சவ்வுகள் வழியாகச் செலுத்தி, எஞ்சுவதை எவாபரேட்டரில் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மீட்கிறார்கள். இதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகும். முடிவில் பயன்படுத்த இயலாத கலவை உப்பு ஒன்று மிஞ்சும். அதைப் பாதுகாப்பாகச் சேமித்து வைக்க வேண்டும். ஆகவே கழிவுநீரை வெளியேற்றும் ஒரு சாயப் பட்டறையோடு ஒப்பிட்டால், ஆற்றைக் காப்பாற்றும் பட்டறையின் ஆற்றல் செறிவும் உமிழ்வுச் செறிவும் கழிவின் அளவும் மோசமாகத் தெரியும். கார்பன் வரிசையை மட்டும் பார்ப்பவர் எங்களைக் குறைத்து மதிப்பிடுவார். பி.ஆர்.எஸ்.ஆர். படிவத்தில், கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத அமைப்பு உள்ளதா என்று தனிக் கேள்வியே இருக்கிறது. ஆற்றல் அட்டவணையை அந்தப் பதிலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது, செலவை யார் சுமக்கிறார்கள் என்பது. பொருள் வழங்குவோரிடம் மனித உரிமையும் சூழலும் காக்கப்படுகின்றனவா என்று பெரிய நிறுவனங்களைக் கவனிக்கச் சொல்லும் ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது முதல், வாங்குபவர்களிடமிருந்து வரும் கேள்விப் படிவங்கள் பெருகிவிட்டன. ஒரே மின் கட்டண ரசீதை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவத்தில் நிரப்பித் தருகிறோம். தணிக்கைக் கட்டணம் எங்களுடையது. ஆடையின் விலையோ உயர்வதில்லை. 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் நிலைத்தன்மை அறிக்கைச் சட்டத்தின் வரம்பைக் குறைக்க முன்மொழிந்து, பல நிறுவனங்களுக்குக் காலக்கெடுவை இரண்டாண்டுகள் தள்ளிவைத்தபோது இங்கே பலர் நிம்மதி அடைந்தார்கள். நான் அடையவில்லை. ஏற்கெனவே செலவு செய்து அமைப்புகளை நிறுவியவர்களுக்கு அதனால் கிடைக்கவிருந்த மதிப்பும் அதோடு தள்ளிப்போயிற்று.

முதலீட்டாளர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு எண்ணைச் சுட்டிக்காட்டுகிறேன். பி.ஆர்.எஸ்.ஆர். கோரில், தன் விற்பனையாளர்களுக்கு நிறுவனம் சராசரியாக எத்தனை நாட்களில் பணம் தருகிறது என்ற கணக்கு இருக்கிறது. சிறு, குறு தொழில்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்பது சட்டம். நிலைத்தன்மை பற்றி அழகாக எழுதிவிட்டு இந்த எண்ணில் 100 நாட்களுக்கு மேல் காட்டும் நிறுவனம், தன் பணப்புழக்கத்தை எங்கள் கடன் வட்டியின் மேல் நடத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ள இடமுண்டு.

கோவை முதலீட்டாளர்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. பணம் தரும் நாட்கள் என்ற எண்ணை நான் இதுவரை பார்த்ததே இல்லை. மீண்டும் அந்த அறிக்கையைத் திறந்தபோது, அது ‘தனி நிறுவன’ அடிப்படையில் தயாரிக்கப்பட்டது என்று தொடக்கத்தில் ஒரு வரி இருப்பதைக் கண்டேன். அந்த நிறுவனத்தின் உற்பத்தியில் பெரும்பகுதி துணை நிறுவனங்களில் நடக்கிறது. இதனால் ஏதேனும் வேறுபாடு உண்டா?

தணிக்கைத் துறையிலிருந்து ஒருவர்

மிகப் பெரிய வேறுபாடு உண்டு. அறிக்கையின் எல்லை தனி நிறுவனமா, தொகுக்கப்பட்ட குழுமமா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறது. தனி நிறுவனம் என்று தேர்ந்திருந்தால், துணை நிறுவனங்களின் ஆலைகளில் எரியும் நிலக்கரியும் அங்கு நடக்கும் விபத்துகளும் அந்த அட்டவணைகளில் இடம்பெறா. தாங்கள் வாங்கும் பங்கின் விலையோ தொகுக்கப்பட்ட இலாபத்தைப் பொறுத்தே அமைகிறது. எனவே தனி நிறுவன விற்பனையையும் தொகுக்கப்பட்ட விற்பனையையும் நிதிநிலைக் கணக்குகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால், அந்த அளவுக்கு அறிக்கை மௌனமாக இருக்கிறது என்று கொள்ளலாம். துணை நிறுவனங்கள் தனியாகப் பட்டியலிடப்பட்டிருந்தால் அவற்றின் பி.ஆர்.எஸ்.ஆர். பங்குச் சந்தைகளின் இணையதளத்தில் கிடைக்கக்கூடும். இல்லையென்றால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர் என்ற முறையில் எழுத்து மூலம் கேளுங்கள். முந்தைய ஆண்டில் எல்லை வேறாக இருந்து இந்த ஆண்டு மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி மாறியிருந்தால், இரண்டு ஆண்டுகளின் எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது.